பலகையைத் தட்டிப் பார்த்தவள்

அவள் என்னைத் தோழியாகச் சேர்த்துக்கொண்டதே ஒரு தேர்வு வைத்துப் பார்த்த பிறகுதான். ஒன்பதாம் வகுப்பில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள், மூன்றாம் நாள் என் காதோரம் குனிந்து, தன் இடது காலில் ஆறு விரல் இருப்பதாகவும் அதை யாரிடமும் சொல்லிவிடக் கூடாதென்றும் சொன்னாள். நான் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டு, அதற்கு அடுத்த நாள் மத்தியானம் ஒருத்தியிடம் மட்டும் சொன்னேன். அந்த ஒருத்தியை என்னிடம் அனுப்பி வைத்ததே அவள்தான் என்பது எனக்குத் தெரியாது. அன்று சாயங்காலம் ஷூவைக் கழற்றிக் காலைக் காட்டினாள். ஐந்து விரல்தான் இருந்தது.

"ரெண்டரை நாள் தாங்கியிருக்கே. மத்தவா எல்லாம் ஒரு பீரியட் கூடத் தாங்கலை" என்று சொல்லி, தன் டப்பாவிலிருந்த புளியோதரையில் பாதியை எடுத்து என் டப்பாவில் போட்டாள். நான் தேறிவிட்டேன் என்று அர்த்தம்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஸ்ரீரங்கத்தில் பாதிப் பேருக்கு அவளைத் தெரிந்துவிடும். மீதிப் பேருக்கு அவளுடைய மாமாவைத் தெரியும். கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரான அந்த மாமாவுக்கு நேர்ந்ததையும் நான் சொல்லியாக வேண்டியிருக்கிறது.

சோதித்துப் பார்க்காமல் அவள் எதையும் ஏற்றுக்கொண்டது கிடையாது. சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த இரண்டு இட்லிக் கடைகளில் எது நல்ல கடை என்று முடிவுசெய்ய ஒன்றரை மாதம் எடுத்துக்கொண்டாள். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு கடையில் குடை வாங்கப் போனபோது, மழையில் ஒழுகாது என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அவள் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் ஊற்றிக் காட்டும்படி பணிவாகக் கேட்டாள். அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. உள்ளே போய் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து அவள் தலைக்கு மேல் கவிழ்த்தார். குடை ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. பக்கத்தில் நின்ற நான்தான் முழுக்க நனைந்தேன்.

நாங்கள் திருச்சியில் பெரிய கடைவீதிப் பக்கம் இருக்கிறவர்கள். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தாவுக்குப் பெட்டியும் பையும் விற்கிற கடை. வளைகுடாவுக்குப் போகிறவர்கள் எல்லாம் எங்களிடம்தான் சூட்கேஸ் வாங்குவார்கள். அவளுடைய அப்பாவுக்கு இன்சூரன்ஸ் ஆபீசில் வேலை. அம்மா பள்ளிக்கூட டீச்சர். அவள் ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் வருவாள். ஆற்றைத் தாண்டும்போதெல்லாம் ஜன்னல் வழியாகப் பாலத்தை எட்டிப் பார்ப்பது ஒரு பழக்கம். தண்ணீரைப் பார்க்கிறாள் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினோராம் வகுப்பில், ராணுவ அதிகாரிகளைத் தயார்செய்யும் அகாடமியில் இனி பெண்களும் சேரலாம் என்று செய்தி வந்தது. அவள் அதைப் படித்துவிட்டு என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் இருந்து ஓட ஆரம்பித்துவிட்டாள். ஸ்ரீரங்கத்தில் ஓடுவதென்றால் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில்தான் ஓட வேண்டும். ஒரு சுற்று முடிந்தால் ஒரு பிரதட்சிணம் கணக்கு. விடிகாலையில் வேர்க்க விறுவிறுக்க ஐந்து பிரதட்சிணம் பண்ணுகிற பெண்ணைப் பார்த்து வீதியே உருகிப்போனது. எதிரே வந்த ஒரு மாமி நிறுத்தி, என்ன வேண்டுதல் என்று விசாரித்திருக்கிறார். மூச்சு வாங்கிக்கொண்டே அவள், "ரெண்டரை கிலோமீட்டர் பதினஞ்சு நிமிஷத்துக்குள்ள வரணும் மாமி" என்றாளாம். பெருமாள் கட்டாயம் நடத்திவைப்பார் என்று சொல்லி மாமி துளசி கொடுத்துவிட்டுப் போனார்.

எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டாள். அதில்தான் வினையே வந்தது. அடுத்து நேர்முகத் தேர்வு. அது செப்டம்பரில். கல்லூரிச் சேர்க்கையோ ஜூனில். அவளுக்கு ஊரிலேயே நல்ல கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். இப்போது சேர்ந்துவிட்டு, அகாடமியில் இடம் கிடைத்ததும் கல்லூரியை விடுவது ஏமாற்று வேலையாம். ஒரு வருஷம் வீணாகிவிடும் என்று அவள் அப்பா தலையால் அடித்துக்கொண்டார். கேட்கவில்லை. அன்றிலிருந்து அவர் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

நிறுத்தினார் என்றால் சாதாரணமாக நிறுத்தவில்லை. அம்மா வழியாகத்தான் எல்லாம். மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருக்கும்போதே, "அவகிட்ட சொல்லு, டிபன் ஆறிண்டிருக்கு" என்பார். அம்மா வீட்டில் இல்லாத நேரமாக இருந்தால் பூஜை அறையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு, "பெருமாளே, மாடியில காயப்போட்ட துணியை யாராவது எடுத்தா தேவலை, மழை வரது" என்பார். பெருமாள் அசையாமல் இருக்க, அவள் எழுந்து போய்த் துணியை எடுத்து வருவாள்.

அந்த நேர்முகத் தேர்வு வெளியூரில் ஐந்து நாள் நடந்தது. அங்கே யாருக்கும் பெயர் கிடையாதாம். மார்பில் எண் எழுதிய துணியைக் கட்டிவிட்டு, எண்ணைச் சொல்லித்தான் கூப்பிடுவார்களாம். படம் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். கூட்டாகப் பேசவிட்டுக் கேட்பார்கள். கயிறும் பலகையும் கொடுத்துப் பள்ளம் தாண்டச் சொல்வார்கள். சுற்றிலும் அதிகாரிகள் முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். ஐந்தாம் நாள் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்துத் தேர்வானவர்களின் எண்களைப் படித்தார்கள். அவளுடைய எண் வரவில்லை. அங்கே பெயில் என்று சொல்ல மாட்டார்களாம். 'பரிந்துரைக்கப்படவில்லை' என்றுதான் சொல்வார்களாம்.

அவள் அம்மா வீதியில் கேட்டவர்களுக்கெல்லாம், கண் பார்வையில் சின்னக் குறை என்று சொல்லிவைத்தார். டீச்சர் சொன்னால் வீதி நம்பும். அடுத்த நாளே பொன்னாங்கண்ணிக் கீரை வர ஆரம்பித்தது. ஒரு வீட்டில் இருந்து கட்டாக, ஒரு வீட்டில் இருந்து கூட்டாக, ஒரு வீட்டில் இருந்து பொடியாக. ஒரு வாரம் கழித்து அவளைப் பார்க்கப் போனேன். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். முகம் வீங்கியிருந்தது. அவளே எழுந்து உட்கார்ந்து, எதிர் வீட்டு மாடிச் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அங்கிருந்தபடியே முழுக்கப் படித்துக் காட்டினாள்.

"ஏழு நாள் கீரை தின்னாச்சு. முன்னாடியும் இவ்வளவுதான் தெரிஞ்சுது. கீரை தேறலை" என்றாள்.

சிரிப்பதா அழுவதா என்று எனக்குப் புரியவில்லை. அவளுக்கும்தான்.

அதற்கு இரண்டு நாள் கழித்து போன் செய்து, நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். எனக்குக் கல்லூரியில் மத்தியான ஷிப்ட் என்பதால் காலையில் சும்மாதான் இருப்பேன். போனால், மாடியில் துணி காயப்போடும் கொடியில் பன்னிரண்டு காகிதங்கள் கிளிப் போட்டுத் தொங்கின. அடுத்து என்ன செய்யலாம் என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் சொன்ன யோசனைகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் கொடுத்திருந்தாள். யார் சொன்னது என்று எழுதவில்லை. எழுதினால் பாரபட்சம் வந்துவிடுமாம். அந்த அதிகாரிகள் அவளை ஐந்து நாள் பார்த்தார்கள் அல்லவா, அதுபோல ஒவ்வொரு யோசனையையும் ஐந்து நாள் பார்க்கப் போகிறாள். ஐந்தாம் நாள் சாயங்காலம் முடிவு அறிவிக்கப்படும். இந்தத் தேர்வு வாரியத்துக்கு அவள் தலைவி, நான் உறுப்பினர். உறுப்பினருடைய வேலை, முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருப்பது. அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியில்லாத ஆள் திருச்சி ஜில்லாவில் கிடையாது.

முதல் நாளிலேயே எட்டுக் காகிதங்களைக் கழற்றிவிட்டாள். அங்கேயும் முதல் நாளே பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். நான்கு மிஞ்சின.

முதலாம் எண் அவள் அம்மாவின் யோசனை. கொஞ்ச நாள் சும்மா இரு, எல்லாம் தானாகச் சரியாகும் என்று சொல்லியிருந்தார். அதையும் ஐந்து நாள் முறைப்படி பார்ப்பது என்று ஆரம்பித்தாள். முதல் நாள் சாயங்காலம் வரைக்கும் சும்மா இருந்தாள். இரண்டாம் நாள் நான் போனபோது வீட்டில் நடக்க இடமில்லை. பரணில் இருந்த பாத்திரம் முழுக்கக் கீழே இருந்தது. எது ஒழுகுகிறது, எது ஒழுகவில்லை என்று ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் இருந்து வந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். என்னிடம்தான் முறையிட்டார். "சும்மா இருன்னு சொன்னேம்மா. தப்பா சொன்னேன்? நீயாவது சொல்லு, ஏதாவது வேலைக்குப் போகச் சொல்லு." அந்த எண் பாதியிலேயே வாபஸ் வாங்கப்பட்டது.

இரண்டாவது அப்பாவுடையது. வங்கித் தேர்வுக்கான பயிற்சி வகுப்பு. இதையும் அம்மா மூலம்தான் தெரிவித்திருந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடியில் அந்தப் பயிற்சி மையம் இருந்தது. ஐந்து நாள் இலவசமாக உட்கார்ந்து பார்க்கலாம் என்று போர்டே வைத்திருந்தார்கள். நானும் கூடப் போனேன். வகுப்பெடுத்தவர் நல்ல மனிதர், விரட்டி விரட்டிக் கணக்குச் சொல்லித் தருவார். மணி சரியாகப் பத்து இருபதுக்கு ஒரு ஜோக் சொல்வார். ஐந்து நாளும் அதே ஜோக். முன்வரிசையில் இருப்பவர்கள் ஐந்து நாளும் சிரித்தார்கள். ஐந்தாம் நாள் வகுப்பு முடிந்ததும் அவள் நேரே அவரிடம் போய், விறைப்பாக நின்று, "சார், சொல்லித்தரது நன்னா இருக்கு. ஆனா நீங்க பரிந்துரைக்கப்படலை" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. எதற்குப் பரிந்துரைக்கப்படவில்லை என்று கவலையாகக் கேட்டார். நான் அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

மூன்றாவது எண் நான் கொடுத்தது. எங்கள் கடைக்கு வரலாமே என்று சொல்லியிருந்தேன். அத்தா சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். கடையில் சுறுசுறுப்பாக ஒரு பெண் நின்றால் குடும்பத்தோடு வருகிறவர்களுக்கு நல்லது என்று அவருக்கு எண்ணம்.

முதல் நாளே குவைத்துக்குத் திரும்பப் போகும் ஒருவர் மனைவியோடு வந்தார். ஒரு சூட்கேஸை எடுத்துத் தட்டிப் பார்த்து, இது தாங்குமா என்று கேட்டார். முப்பது வருஷமாக அத்தா அதற்கு ஒரே பதில்தான் சொல்லி வருகிறார். பத்து வருஷம் தாங்கும் பாய். அத்தா வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

"தெரியாது. பாத்துடலாம்."

எதிர்க்கடையில் இரண்டு சிப்பம் அரிசியை இரவல் வாங்கி வந்தாள். அதைச் சூட்கேஸுக்குள் வைத்துப் பூட்டி, மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், மேலிருந்து தள்ளிவிட்டாள். அது ஒவ்வொரு படியாகக் குதித்து இறங்கி, கடைசிப் படியில் ஒரு சக்கரத்தைக் கழற்றிவிட்டது. சக்கரம் தனியாக உருண்டு எதிர்ச் சந்துக்குள் போய்விட்டது. அடுத்த பெட்டிக்கு ஜிப் கிழிந்து கடை முழுக்க அரிசி. மூன்றாவது பெட்டி ஒரு கீறலோடு பிழைத்துக்கொண்டது. குவைத்காரர் அதை வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு கடையை வாழ்நாளில் பார்த்ததில்லை என்று அத்தாவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். அத்தா அலமாரியைப் பார்த்தார். முதல் இரண்டு ரகத்திலும் அடுக்கடுக்காகப் பெட்டிகள் இருந்தன.

அடுத்த மூன்று நாளும் கூட்டம் வந்தது. பெட்டி வாங்க வந்த கூட்டமில்லை. பெட்டி விழுவதைப் பார்க்க வந்த கூட்டம். வாங்க வந்தவர்களும், எங்களுக்கும் தள்ளிக் காட்டுங்கள் என்றார்கள். ஐந்தாம் நாள் காலையில் அத்தா அவளை உட்காரவைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார். அத்தாவுக்குக் கோபமே வராது. ரொம்பத் தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"ஏம்மா, நீ சொல்றது ஒண்ணொண்ணும் சரிதான். ஆனா கடைன்னா கொஞ்சம் நம்பிக்கையிலயும் ஓடணும்மா."

அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுந்து நின்று, "கடை தேறிடுத்து மாமா. நான்தான் தேறலை" என்றாள். அத்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளுக்கு ஒரு நல்ல கைப்பை கொடுத்து அனுப்பினார். வாசலில் நின்று அதன் வாரை இரண்டு தடவை வெடுக்கென்று இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் தோளில் மாட்டினாள்.

அன்று தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் நன்னாரி சர்பத் குடித்துக்கொண்டு நின்றோம். அப்போதுதான் அந்த ஐந்து நாளில் என்ன நடந்தது என்பதை முதல்முறையாகச் சொன்னாள். எட்டுப் பெண்கள் ஒரு குழு. தரையில் வெள்ளைக்கோடு போட்டு அதைப் பள்ளம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஒரு பலகை, ஒரு கயிறு, இரண்டு பீப்பாய். தரையில் கால் படாமல் எல்லாரும் தாண்ட வேண்டும். பலகை இவள் கையில் இருந்தது. அதில் ஓர் இடத்தில் கணு இருந்தது. ஆள் ஏறினால் தாங்குமா என்று இவளுக்குச் சந்தேகம்.

"எல்லாரும் போடு போடுன்னு கத்தறா. நான் தட்டிப் பாத்துண்டே இருந்தேன். விசில் ஊதினப்போவும் தட்டிண்டுதான் இருந்தேன்."

"தாங்கிருக்குமா?" என்று கேட்டேன்.

"நன்னா தாங்கியிருக்கும். அடுத்த குழு அதுலதான் போச்சு." சர்பத்தை ஒரே மூச்சில் குடித்துவிட்டு வைத்தாள். "அவா பண்ணினது சரிதாண்டி. சண்டை நடக்கற எடத்துல பலகையைத் தட்டிண்டு நிக்கறவளை வெச்சுண்டு என்ன பண்ணுவா?"

இன்னொரு தடவை தேர்வு எழுத அவளுக்கு வயது இருந்தது. எழுதப்போவதில்லை என்றாள். இதைச் சொன்னபோது அழவில்லை. நானும் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. வாரிய உறுப்பினராக நான் ஒழுங்காக வேலை பார்த்தது அன்று ஒருநாள்தான்.

நான்காவது எண், மாமாவின் கல்யாணச் சமையல்.

மாமா அவள் அம்மாவின் அண்ணா. நூற்றுப் பத்து கிலோ இருப்பார். குரல் அதற்கு மேல் இருக்கும். அவருக்கும் அவள் அப்பாவுக்கும் என்றைக்குமே ஒத்துப்போனதில்லை. இன்சூரன்ஸ்காரர்கள் நடக்காததற்கெல்லாம் பயப்படுகிறவர்கள் என்பது மாமாவின் கட்சி. பயமே இல்லாதவர்கள்தான் வடையில் அத்தனை எண்ணெய் விடுவார்கள் என்பது அப்பாவின் கட்சி. அவள் மாமாவிடம் வேலைக்குச் சேர்ந்தது ஐப்பசியில். ஐந்தாம் நாள், கொள்ளிடக் கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் முகூர்த்தம். அவள் அப்பாவுடைய ஆபீஸ் நண்பர் வீட்டுக் கல்யாணம்தான், அதனால் அப்பாவும் வந்திருந்தார். அவளோடு போயிருந்த எனக்கு வாசலில் பன்னீர் தெளிக்கும் வேலை.

மாலை மாற்றுகிற நேரத்துக்கு மழை பிடித்துக்கொண்டது. அப்படி ஒரு மழை. நனைந்துகொண்டே வருகிறவர்களுக்குப் பன்னீர் தெளிப்பது எனக்கே அசட்டுத்தனமாகப் பட்டதால் சொம்பை வைத்துவிட்டுப் பின்பக்கம் போனேன். சமையல் கொட்டகை தனியாகப் பின்னால் இருந்தது. அதற்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி திறந்த முற்றம். அதில் முழங்காலுக்குத் தண்ணீர். அடியில் பாசி. சாக்கடை எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. கூடத்தில் முதல் பந்தி உட்கார்ந்தாகிவிட்டது. இலையில் சாதம் விழுந்துவிட்டது. சாம்பார் இந்தப் பக்கம் கொதித்துக்கொண்டிருந்தது.

சமையல் ஆட்கள் எங்கிருந்தோ ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்து இரண்டு பக்கமும் கல் வைத்து அதன்மேல் போட்டுவிட்டார்கள். நான்கு பேர் கம்பு கொடுத்து அண்டாவைத் தூக்கியாகிவிட்டது. முதல் ஆள் பலகையில் கால் வைக்கப் போகும்போது அவள் குறுக்கே வந்து நின்றாள். இறக்கி வையுங்கள், பலகையைப் பார்க்காமல் போகக் கூடாது என்றாள்.

அண்டா கீழே இறங்கியது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பலகையைத் தட்ட ஆரம்பித்தாள். தெப்பக்குளத்தில் அவள் சொன்னதெல்லாம் கண்முன்னால் மறுபடி நடக்கிறது. கூடத்தில் இருந்து சாம்பார் சாம்பார் என்று சத்தம். சம்பந்தி வீட்டார் யாரோ எழுந்து நிற்கிறார். மாமா எதிர்ப்பக்க வாசலுக்கு வந்து, அண்டாவை ஏன் இறக்கினீர்கள் என்று மழையை மீறிக் கத்தினார். சமையல் ஆட்கள் அவளைக் காட்டினார்கள்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "மாமா, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்கோளேன்" என்றாள்.

மாமா வந்தார். அவளைத் திட்டுவதற்காக, பலகை அதிர அதிர வந்தார். நடுவில் வந்ததும் ஒரு சத்தம் கேட்டது. பலகை இரண்டாகி, மாமா உட்கார்ந்த நிலையில் தண்ணீருக்குள் இறங்கினார். பட்டு வேஷ்டி மட்டும் குடைபோல விரிந்து அவரைச் சுற்றி மிதந்தது. மழைகூடக் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"பலகை பெயில்" என்றாள் அவள்.

அப்போதுதான் அந்தச் சிரிப்பு கேட்டது. கூடத்து வாசலில் அவள் அப்பா நின்றுகொண்டிருந்தார். தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சிரித்தார். ஜூன் மாதத்திலிருந்து அடக்கி வைத்ததெல்லாம் மொத்தமாக வந்தது. மாமா தண்ணீருக்குள் இருந்தபடியே தன் தங்கை கணவரை முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவருக்கும் வாய் கோணியது. கொதிக்கிற அண்டாவோடு நான்கு பேர் அந்த இடத்தில் விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று சமையல்காரர்களில் மூத்தவர் சொன்ன பிறகுதான் எல்லாருக்கும் சிரிப்பு நின்றது.

அதற்குப் பிறகு அவள் தயங்கவில்லை. பத்துப் பேரைத் தண்ணீருக்குள் இறக்கி வரிசையாக நிறுத்தினாள். எல்லாரும் ஊன்றி நின்றபடி, கையிலிருந்து கைக்கு மூடிபோட்ட வாளி வாளியாகச் சாம்பாரைக் கடத்தினார்கள். அவள் அப்பா வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அவருக்குப் பக்கத்தில் மாமா. வாளியை வாங்கிக் கொடுத்துக்கொண்டே அப்பா அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். அம்மாவிடம் இல்லை, பெருமாளிடமும் இல்லை. நேரே அவளிடம்.

"அந்தப் பலகை எத்தனை தாங்கும்னு கணக்குப் பண்ணினியா நீ?"

"இல்லைப்பா. மாமாவைத் தாங்கினா அண்டாவையும் தாங்கும்னு தோணித்து."

"அப்படின்னா தெரிஞ்சேதான் வரச்சொன்னியா?" என்றார் மாமா.

அவள் அடுத்த வாளிக்குக் குரல் கொடுத்தாள். கொஞ்ச நேரத் தாமதத்தில் பந்தி மறுபடி நடந்தது. சாம்பாரில் உப்பு கம்மி என்று மட்டும் ஒருவர் சொன்னதாகக் கேள்வி.

சாயங்காலம் இடுப்பில் தைலம் தடவிக்கொண்டு படுத்திருந்த மாமா, தான் தேறினேனா என்று அவளைக் கேட்டார். மாமா தேறிவிட்டதாகவும், சமையல் தொழில்தான் தேறவில்லை என்றும் அவள் அறிவித்தாள். மாமாவின் முகத்தில் அவ்வளவு நிம்மதியை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. "ரொம்ப சந்தோஷம்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

கொடியில் காகிதம் எதுவும் மிச்சமில்லை. ஆனால் உடைந்த பலகையில் பாதியை அவள் ஸ்கூட்டரில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாள். உள்ளே கறையான் அரித்திருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு அப்பாவும் பெண்ணும் அதைத் தரையில் போட்டு, எங்கே விட்டது, ஏன் விட்டது என்று பேசிக்கொண்டே இருந்தார்களாம். நடுவில் புகுந்து செய்தி சொல்ல வேண்டிய அவசியம் இல்லாததால் அம்மா சீக்கிரமே தூங்கப் போய்விட்டார்.

அப்பாவுக்கு ஆபீஸ் வழியாக ஒருவரைத் தெரியும். கட்டடச் சாமான்களைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிற ஒரு கூடம் அவர் நடத்தி வந்தார். ஊருக்கு வெளியே, தகரக் கூரை. சும்மா பார்த்துவிட்டு வா என்று அவளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டார். அங்கே கான்கிரீட்டைச் சதுரக் கட்டிகளாக வார்த்து, தண்ணீரில் ஊறப்போட்டு, பிறகு ஒரு இயந்திரத்துக்குள் வைத்து உடையும் வரைக்கும் அழுத்துவார்கள். இரும்புக் கம்பியை இரண்டு பக்கமும் பிடித்து அறுகிறவரைக்கும் இழுப்பார்கள். எவ்வளவு தாங்கியது என்று எழுதி வைப்பார்கள். எல்லாரும் காலையிலிருந்து சாயங்காலம் வரை இதையே செய்வார்கள், யாரும் அவர்களைத் திட்டுவதில்லை.

நான் நோட்டில் முதல் நாள் என்று தேதி போட்டுக்கொண்டேன். ஐந்தாம் நாள் அவளிடமிருந்து போன் வரவில்லை. ஏழாம் நாளும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் நானே கூப்பிட்டு, வாரியம் இன்னும் கூடவில்லையே, முடிவு என்ன என்று கேட்டேன். பின்னால் இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

"அஞ்சு நாள் ஆயிடுத்தா?" என்றாள். "இருடி, ஒரு கட்டி உடையப் போறது." போனை அப்படியே வைத்துவிட்டாள்.

அவளுடைய அந்த வருஷம் அங்கேதான் கழிந்தது. மறு ஜூனில் பாலிடெக்னிக்கில் சிவில் படிப்பில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர்ந்தாள். முடித்துச் சில மாதங்களில் பாலங்களைச் சோதிக்கிற ஒரு கம்பெனியில் வேலை கிடைத்தது. புதுப் பாலத்தின் மேல் மணல் லாரிகளை வரிசையாக நிறுத்தி வைத்துவிட்டு, கீழே உட்கார்ந்து அது எவ்வளவு வளைகிறது என்று ஒரு நாள் முழுக்கப் பார்க்கிற வேலை. பீகாரா, அஸ்ஸாமா என்று எனக்கு இன்னும் சரியாகத் தெரியாது. எங்கேயோ ஆற்றங்கரையில் இருக்கிறாள்.

ரயிலேறுவதற்கு முந்தின வாரம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தாள். எனக்கு அப்போது ஒரு கம்பெனியில் தொலைபேசி வேலை. பொருள் வாங்கி ஏமாந்தவர்களிடம் காலையிலிருந்து சாயங்காலம் வரை மன்னிப்புக் கேட்க வேண்டும். அதை விட்டுவிட்டுச் சின்னக் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் படிப்பில் சேரலாமா என்று ஆறு மாதமாக எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். அவளிடம் கேட்டால் எப்படியும் ஐந்து நாள் ஆகும் என்று தெரியும். பரவாயில்லை என்று நோட்டையே எடுத்து வைத்துவிட்டேன். நல்லது, கெட்டது என்று இரண்டு பத்தி கோடுபோட்டு, விஷயத்தை ஆதியிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

முதல் வாக்கியத்தை நான் முடிக்கவில்லை. அவள் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டே, "விட்டுடு" என்றாள்.

"டெஸ்ட் எதுவும் வேண்டாமா?"

"எதுக்கு? எட்டு வருஷமா உன்னைப் பாத்துண்டிருக்கேன்."

மறுநாள் காலை, முதல் போனை எடுப்பதற்கு முன்பே வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டேன்.